அமினியேலை வாந்தியில்லாமல் மராங்குவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது

நான் அமினியேல் லீமோவுக்கு எழுபது ஷில்லிங் கடன்பட்டிருந்தேன். உகாண்டா சண்டை முடிந்த வருடம், ஹிமோவிலிருந்து டார் எஸ் சலாமுக்கு பஸ் டிக்கெட் அவ்வளவு. அவன் உபாத்தியாயர் மகன், மிஷன் பள்ளியில் மேல்வகுப்பு படித்துக்கொண்டிருந்தான், கையில் காசு இருந்தது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். கிளிமஞ்சாரோ மலையின் சாக்காக்காரன் எவனும் மூன்று தடவை எண்ணுவான்.

அதற்குப் பிறகு நான் கரியாக்கோ சந்தையில் மூட்டை தூக்கினேன், பஞ்சர் ஒட்டினேன், சொந்தமாக டயர் கடை வைத்தேன். இன்றைக்கு என் பேரில் மூன்று மினி பஸ் ஓடுகிறது. கிமாம்போ கடை எது என்று கேட்டால் எங்கள் பேட்டையில் கண் தெரியாதவன்கூட வழி சொல்வான். அமினியேலின் தங்கை அனாசியாவைத்தான் கட்டினேன். அவனோ ஒரு காப்பீட்டு ஆபீசின் கோப்பு அறைக்குள் போய் உட்கார்ந்தான். முப்பத்துநாலு வருடம் கழித்து அதே நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான். இடையில் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த எழுபது ஷில்லிங்கை மறக்காமல் இருந்தது.

டிசம்பரில் டாரில் இருக்கும் சாக்காக்காரர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு கிளிமஞ்சாரோவுக்குத் திரும்புவோம். எங்கள் ஊர் அதன் சரிவில் இருக்கும் மராங்கு. ஒவ்வொரு டிசம்பரும், வாழைத்தோட்டத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்ததும், அமினியேல் தொண்டையைக் கனைத்துக்கொள்வான்.

"எங்க மச்சானுக்கு இன்னிக்கு மூணு பஸ் ஓடுது. சந்தோஷம். ஆனா அவர் ஏறுன முதல் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தது யாரு?"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் பணத்தை எடுத்து நீட்டுவேன். எட்டுத் தடவை நீட்டியிருக்கிறேன். ஒரு தடவை எழுபதாயிரமாகவே நீட்டினேன். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். "இருக்கட்டும் மச்சான். நமக்குள்ள என்ன கணக்கு?" அந்தக் கடன் தீராமல் இருக்கிறவரைக்கும் என் தலை அவன் தலைக்கு ஒரு சாண் கீழே. அந்த ஒரு சாண்தான் அவனுடைய மொத்தச் சம்பாத்தியம்.

இப்படிப்பட்டவனுக்கு உடம்பு எப்படி இருக்கும்? டாரை விட்டு சாலிஞ்சே தாண்டினால் வாந்தி. கொரோக்வே தாண்டினால் வயிற்றுப்போக்கு. மலை ஏறினால் காது அடைப்பு, நெஞ்சுச் சளி. கொசு பதினோரு பேரை விட்டுவிட்டு அவனைக் கடிக்கும். இத்தனைக்கும் மருந்துப் பை இல்லாமல் அவன் வீட்டுப்படி இறங்க மாட்டான். மணிக்கட்டில் பித்தான் வைத்த பட்டை, அதை அழுத்தினால் குமட்டல் நிற்குமாம். நாற்பத்தைந்தாயிரம் ஷில்லிங் கொடுத்து வாங்கிய எண்ணெய்ப் புட்டி, 'முழுக்க இயற்கை' என்று மேலே எழுதியிருக்கும். இயற்கை புட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இவனுக்காகக் காத்திருந்ததாக்கும்! எண்ணெயை மூக்கில் தடவிக்கொண்டு, அதே கையால் தெருவோரப் பொரித்த ஈரலை எடுத்துத் தின்பான். கை கழுவ மாட்டான். படித்தவன் கையில் அழுக்கு ஒட்டாது போலிருக்கிறது.

வரிசையாக மூன்று டிசம்பர் அவன் ஊர் போய்ச் சேரவில்லை. முதல் வருடம் அந்த ஈரல், கொரோக்வேயில் மூன்று நாள் படுக்கை. அடுத்த வருடம் செகேராவில் பிளாஸ்டிக் பையில் விற்ற ஐஸ் ஜூஸ், பாதி வழியிலேயே திரும்பிவிட்டான். மூன்றாவது வருடம் பதினோரு மணி நேரம் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை, கால் இரண்டும் மரவள்ளிக்கிழங்கு மாதிரி வீங்கி, மலையடியில் ஹிமோ விடுதியில் தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடினான்.

லீமோ குடும்பத்தில் டிசம்பர் இருபத்தாறாம் தேதி ஆடு வெட்டுவார்கள். யாருக்கு எந்தத் துண்டு என்பது பிறந்த வரிசைப்படி. வராதவன் பங்கை ஆணியில் மாட்டுவார்கள். மூன்று வருடம் அமினியேல் பங்கு ஆணியிலேயே காய்ந்தது. அவனுடைய பெரியப்பா எலிசாந்தே, எண்பத்தெட்டு வயது, போனில் கூப்பிட்டுச் சொன்னார்:

"இந்த வருஷமும் அவன் சொந்தக் காலால நடந்து வந்து உக்காரலைன்னா, கீழ்த்தோட்டம் அவன் தம்பி மவனுக்கு. காத்திருக்க எனக்கு வயசில்ல."

கீழ்த்தோட்டத்தில் இருபது வாழைக்கட்டை. காசாகப் பார்த்தால் என் ஒரு பஸ்ஸின் நாலு டயருக்குச் சமம். ஆனால் அமினியேலின் மனைவியை அங்கேதான் புதைத்திருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறான். இதை மட்டும் நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை.

அனாசியா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னங்க, அண்ணன எப்படியாவது கொண்டு சேத்திருங்க" என்றாள். நான் அமினியேலைக் கடைக்குக் கூப்பிட்டு, ஒரு டயர் மேல் உட்காரவைத்தேன்.

"மச்சான், உன்ன முழுசா கொண்டு போயிப் பெரியப்பா முன்னாடி நிக்க வைக்கிறேன். வச்சா, எல்லார் முன்னாடியும் எழுபது ஷில்லிங்க வாங்கிக்கணும்."

"அது எதுக்கு மச்சான் இப்போ..."

"வாங்கிக்குவியா மாட்டியா?"

அவன் தரையைப் பார்த்தான். அப்புறம் தலையை ஆட்டினான். வேறு வழியில்லை அவனுக்கு.

எனக்கு இந்தப் பயண வாந்தி விஷயம் தெரியும் என்றால் சும்மா தெரியாது. அந்த முதல் பஸ்ஸில், அவன் காசில் ஏறின பஸ்ஸில், ம்வாங்கா வருவதற்குள் என் ஒரே சட்டையில் வாந்தி எடுத்தேன். சாமேயில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பாரே மலைக்காரி ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, மடியிலிருந்த இஞ்சியில் ஒரு விரல் நீளம் ஒடித்துக் கொடுத்தாள். "மெல்லு. முழுங்காத. எட்ட இருக்குற மலையப் பாரு." டார் வரைக்கும் வாந்தி இல்லை. அன்றிலிருந்து இந்த ரோட்டில் எத்தனை தடவை போயிருக்கிறேன், ஒரு மாத்திரை தொட்டதில்லை. கிளம்புவதற்கு அரை மணி முன்னால் இஞ்சி. வயிறு காலியாகவும் இருக்கக்கூடாது, எண்ணெயும் கூடாது. வேகவைத்த பச்சை வாழைக்காய், உப்பு, போதும். வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீர், புட்டியில். சோப்பு ஒரு துண்டு. பழம் என்றால் நம் கையால் உரிக்கிற பழம். என் வண்டியில் வரும் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தார்கள். இதற்குப் படிப்பு வேண்டாம், கேட்கிற காது இருந்தால் போதும்.

அமினியேலுக்குத்தான் காது இல்லையே. நாலாம் வகுப்புக்காரன் சொன்னால் கேட்பானா? போனை எடுத்து, வெள்ளைக்காரன் ஒருத்தன் என்ன சொல்கிறான் என்று எனக்கே படித்துக் காட்டுவான். அதனால் நான் சொல்வதாக இல்லை. சொல்லக்கூடிய ஆளைக் கூப்பிட்டேன்.

அந்தப் பாரே மலைக்காரியின் மகள் நாகனிவா. கரியாக்கோவில் இஞ்சி மொத்த வியாபாரம். நாற்பது வருடமாக அந்த வீட்டு இஞ்சியைத்தான் வாங்குகிறேன். அவளும் டிசம்பரில் சாமேக்குப் போகிறவள்தான். "டிக்கெட் வேண்டாம், என் வண்டியில வா" என்றேன். பாரேக்காரி இலவசம் என்றால் விடுவாளா? எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தாள்.

பாரே இனமும் சாக்கா இனமும் கேலி உறவு. அவர்கள் எங்களை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், எங்கள் தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாம், வேலை ஏவலாம். நாங்களும் அப்படியே. கோபப்படக்கூடாது. கோபப்பட்டவன் ஆடு கொடுக்க வேண்டும். அமினியேல் எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் இதை மீற முடியாது. ஆடு விலை என்ன என்று அவனுக்குத் தெரியும்.

இருபத்துமூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. பதினோரு பேர் நாங்கள், ஓட்டுவது டாங்காக்காரன் ஷபானி. டிரைவருக்குப் பின் சீட்டில், முன்கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற இடத்தில், அமினியேலை உட்காரவைத்தேன். கூடையோடு நாகனிவா ஏறினாள்.

"தள்ளி உக்காரு சாக்காக்காரா. உனக்கு ஒரு சீட்டு, உன் தொப்பைக்கு ஒரு சீட்டா?"

அமினியேல் திரும்பி என்னைப் பார்த்தான். "மச்சான், இந்தப் பாரே அம்மாவப் பின்னாடி உக்கார வையுங்க. என் பர்ஸுக்குப் பாதுகாப்பு இல்ல."

"உன் பர்ஸா? அதத் தொறந்தா உங்க தாத்தா விட்ட மூச்சுதான் வெளிய வரும்."

"ஒரு கோழிக்காகக் கோர்ட்டுக்குப் போயி, வக்கீலுக்கு மாட்ட வித்துக் குடுத்த கூட்டம் நீங்க!"

"ஜெயிச்சோமில்ல? கோழி இன்னும் முட்ட போடுது. நீங்க அதையும் அடகு வச்சிருப்பீங்க."

பின்னால் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவளே ஓர் இஞ்சித் துண்டைச் சீவி நீட்டினாள். அவன் வாங்கவில்லை. மணிக்கட்டுப் பட்டையைத் தட்டிக் காட்டினான்.

"எனக்கு இது இருக்கு."

"கைதிக்கு விலங்கு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

செகேராவில் வண்டி நின்றது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவி வாழைக்காய் தின்னும்போது, அமினியேல் நைஸாக நழுவி, முட்டையில் புரட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு ஒரு பொட்டலம், மேலே வெள்ளைச் சாஸ் வழிய, வாங்கிக்கொண்டு வந்தான். மத்தியானம் வரைக்கும் வெயிலில் இருந்த சாஸ். மூன்று வருடம் படுத்தவன்! வெட்கம் என்று ஒன்று கடையில் விற்றால் நானே இவனுக்கு ஒரு கிலோ வாங்கிக் கொடுப்பேன்.

முதல் துண்டு வாய்க்குப் போவதற்குள் நாகனிவாவின் கை வந்தது.

"பாரேக்காரிக்குப் பசிக்குது." பொட்டலத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக அப்படியே குப்பைத் தொட்டிக்குள் போட்டாள்.

"ஏம்மா! பசிக்குதுன்னு சொல்லிட்டு..."

"பசி போயிருச்சு. நீ வாங்குனதப் பாத்ததும் போயிருச்சு. என்ன, கோவமா? கோவம்னா சொல்லு. ஆடு கறுப்பா இருக்கணும், கொம்பு வளைஞ்சிருக்கணும்."

அமினியேல் பல்லைக் காட்டினான். அது சிரிப்பு இல்லை. நாலாயிரம் ஷில்லிங் பொட்டலம். அனாசியா தன் அண்ணன் கையில் இரண்டு வாழைக்காய் வைத்தாள். தின்றான், வேறென்ன செய்வான்.

கொரோக்வேயில் ஐஸ் ஜூஸ் வாங்கினான். நாகனிவா பையைக் கிழித்துத் தன் கால் தூசியை அதில் கழுவிக்கொண்டாள். "குளுகுளுன்னு இருக்கு, ரொம்ப நன்றி." வண்டி நகர்ந்ததும் அமினியேல் போனைத் தட்டிக்கொண்டே தலை குனிந்திருந்தான், முகம் வெளிறி, நெற்றியில் வேர்வை. நான் எழுந்து போகலாமா என்று நினைப்பதற்குள் போன் அவள் கூடைக்குள் போயிருந்தது.

"அதக் குடும்மா, முக்கியமான செய்தி."

"அந்த மலையப் பாரு. அது எங்கயும் ஓடல, உன் செய்தியும் ஓடாது." உசம்பாரா மலை வலது பக்கம் நின்றுகொண்டிருந்தது. வாயைப் பிளந்து ஏதோ சொல்லப் போனவன் வாய்க்குள் இஞ்சித் துண்டை வைத்தாள். மென்றான். இரண்டு நிமிடத்தில் வெளியே துப்பினான். சும்மா கிடைத்ததுதானே.

மோம்போவில் அவளுடைய இஞ்சி மூட்டையை இறக்கி வைத்து, "தூக்கு" என்றாள்.

"எங்க?"

"இந்த வண்டிய நாலு சுத்து. எங்க அப்பா காலத்துல சாக்காக்காரன் எங்களுக்கு மூட்ட தூக்குவான்."

"உங்க அப்பா காலத்துல உங்ககிட்ட மூட்ட இருந்துச்சா?"

சிரித்துக்கொண்டே திட்டிக்கொண்டே நாலு சுற்று சுற்றினான். ஷபானி ஒவ்வொரு சுற்றுக்கும் ஹாரன் அடித்தான். முப்பத்துநாலு வருடம் ஆபீசில் இவன் தூக்கிய எடை அத்தனையும் சேர்த்தாலும் அந்த மூட்டை அளவு வராது. ஆனால் கால் வீங்கவில்லை.

சாமே வந்தது. நாகனிவா இறங்க வேண்டிய இடம். எனக்கு அங்கேதான் பயம். இன்னும் இரண்டு மணி நேரம் ரோடு, அதில் கடைசி அரை மணி மராங்கு ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. அவள் போய்விட்டால் இவனைப் பிடிக்க ஆள் கிடையாது. நான் சொன்னால் கேட்க மாட்டான். முகம் இப்போதே மஞ்சளாகத்தான் இருந்தது. துப்பிய இஞ்சிதான் காரணம்.

அவள் கூடையிலிருந்து ஒரு நல்ல இஞ்சியை எடுத்து, உள்ளங்கை நீளம், பேப்பரில் சுற்றி அவன் மடியில் வைத்தாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இதையும் துப்புவான் என்று நினைத்தேன். அவள் என்னைவிட சாக்காக்காரனைத் தெரிந்தவள்.

"ஆயிரம் ஷில்லிங்" என்றாள்.

"என்னாது? ஒரு இஞ்சிக்கா?"

"மலை இஞ்சி. எங்க அம்மா தோட்டம்."

"உங்க அம்மா தோட்டத்துல தங்கமா வெளையுது? முந்நூறு."

"எண்ணூறு. உன் மூஞ்சிக்காகக் கொறைக்கல, உன் போனக் குடுக்கணுமேன்னு கொறைக்கிறேன்."

"நானூறு. போன் என்னுது!"

ஷபானி ஹாரன் அடித்தான். அவள் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள். கால் மணி நேரம். வண்டிக்குள் மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விலை சொன்னார்கள். கடைசியில் அறுநூற்றைம்பது. அமினியேல் காசை மூன்று தடவை எண்ணிக் கொடுத்தான். அவள் போனைத் திருப்பிக் கொடுத்து இறங்கினாள். என் ஜன்னல் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "இனி பாருங்க பெரியவரே" என்றாள்.

பார்த்தேன். வண்டி நகர்ந்ததும் அவன் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தான். நகத்தால் தோலைச் சுரண்டினான். ஒரு துண்டு கடித்தான். முகத்தைச் சுளித்தான், ஆனால் துப்பவில்லை. அறுநூற்றைம்பது ஷில்லிங்கை எந்தச் சாக்காக்காரன் ரோட்டில் துப்புவான்? ம்வாங்காவில் பாதி தீர்ந்தது. நார்கூட மிச்சமில்லாமல் மென்றான். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கு ஒழுகியது, மெல்வதை நிறுத்தவில்லை. ஹிமோவில் எல்லோரும் இறங்கி நடந்தபோது அவனும் இறங்கினான், கடைப்பக்கம் திரும்பவில்லை, வாயில் இஞ்சி இருக்கும்போது வேறு எதற்குச் செலவழிப்பது? ஏற்றம் தொடங்குமுன் அனாசியா எல்லோருக்கும் கம்பளித் தொப்பி கொடுத்தாள். வளைவுகளில் பிள்ளைகள் காது அடைக்கிறது என்று கொட்டாவி விட்டார்கள். இவன் மென்றுகொண்டே இருந்ததால் இவனுக்கு அதுவும் அடைக்கவில்லை. மராங்குவில், என் மாமனார் வீட்டு வாசலில், சொந்தக் காலால் இறங்கினான். சட்டை சுத்தம். எனக்குக் கோபமே வந்தது, இவ்வளவு சுலபமா என்று. நாற்பது வருடம் புத்தி சொன்னவன் முட்டாள். விலை சொன்னவள் கெட்டிக்காரி.

அன்றும் மறுநாளும் அவனைக் கொசுவலைக்குள் நானே தள்ளி ஓரத்தைச் சொருகினேன். எலுமிச்சைப்புல் தேநீர் தவிர எதுவும் கொடுக்கவில்லை. அதற்கும் காசு கேட்டேன், கோப்பைக்கு ஐம்பது. கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

இருபத்தாறாம் தேதி காலை வாழைகளுக்கு நடுவில் லீமோக்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அமினியேல் நேராக வரவில்லை. கீழ்த்தோட்டம் வழியாகச் சுற்றி வந்தான், முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. எலிசாந்தே பெரியப்பா அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"யாராவது தூக்கிட்டு வந்தாங்களா?"

"இல்ல பெரியப்பா. நடந்துதான் வந்தேன்."

"வழியில எத்தன தடவ?"

"ஒரு தடவகூட இல்ல."

பெரியவர் கத்தியை எடுத்து, அவனுக்கு உரிய துண்டை அவரே அறுத்துக் கொடுத்தார். ஆணி காலியாக இருந்தது. அவன் அதைத் தின்று முடித்தான். கீழ்த்தோட்டப் பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு அமினியேல் வாயைத் துடைத்துக்கொண்டான், பழக்கதோஷத்தில் தொண்டையைக் கனைத்தான். "எங்க மச்சானுக்கு இன்னிக்கு மூணு பஸ்..."

"கைய நீட்டு" என்றேன்.

"இருக்கட்டும் மச்சான், நல்ல நாளும் அதுவுமா..."

"என் டயர் மேல உக்காந்து தலைய ஆட்டுனது யாரு?"

அவன் கை முதுகுக்குப் பின்னால் போனது. பெரியப்பா கத்தியைத் துடைத்தபடி, தலை நிமிராமல் கேட்டார்: "ஒத்துக்கிட்டியாடா?"

"ஒத்துக்கிட்டேன் பெரியப்பா."

"அப்போ நீட்டு."

கை மெதுவாக முன்னால் வந்தது. நகக்கண்ணில் இன்னும் இஞ்சி நார். சட்டைப்பையிலிருந்து பத்து ஷில்லிங் நாணயங்களை எடுத்தேன். இப்போது எந்தக் கடைக்காரனும் வாங்காத காசு, இந்த நாளுக்காகவே பதினைந்து வருடமாகப் பாட்டரி டப்பாவில் போட்டு வைத்தது. ஒவ்வொன்றாக வைத்தேன், ஏழு. திரும்ப எடுத்து மறுபடியும் வைத்தேன், ஏழு. மூன்றாவது தடவை சத்தமாகவே எண்ணி, ஏழாவது காசை அவன் விரித்த உள்ளங்கையில் வைத்தேன்.